திமிங்கிலப் பக்கம்

ஹிராத்,
ஸபர் 3, ஹிஜ்ரி 856

அன்புள்ள புர்ஹான் மச்சான்,

உங்கள் பஸீஹ் ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் தங்கை நிகாரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். ஹிராத் ரொட்டி அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. "இதைக் கடிக்கிறதுக்குச் செருப்பைக் கடிக்கலாம்" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள்.

நம் அரசர் மிர்சா உலுக் பேக் மௌத்தாகி இரண்டரை வருடம் ஆகப்போகிறது. பெற்ற மகனே ஆள் வைத்து அரசனை வெட்டிய ஊரில் இனி இருக்க வேண்டாம் என்று நாங்கள் கிளம்பினோம். நீங்கள் வாசலில் நின்றுகொண்டு, "வானாய்வுக்கூடத்துச் சாவி என்கிட்ட இருக்கு, நான் எங்க வர்றது" என்றீர்கள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது மச்சான்.

இனி காரியத்துக்கு வருகிறேன். நான் கொண்டுவந்த மிர்சாவின் நட்சத்திர அட்டவணையை இங்கே ஒரு மதரசா தலைவர் பார்த்தார். மௌலானா ஸத்ருத்தீன் என்று பெயர். நல்ல மனிதர், கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. ஐந்து பிரதி எடுத்து தப்ரீஸ், ஷீராஸ், கெய்ரோ என்று அனுப்ப வேண்டும் என்கிறார். ஆனால் அவர் சபையில் சிலருக்கு வாய் நீளம். "அரசன் எங்கய்யா கணக்குப் போட்டான்? வேட்டைக்குப் போனான், விருந்து வெச்சான். மத்தவன் போட்ட கணக்குல பேரை மட்டும் ஒட்டிக்கிட்டான்" என்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஸமர்கந்து ஆய்வுக்கூடத்தில் நாம் வேலை செய்த முறையை மௌலானாவிடம் சொன்னேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனி அறையில் கணக்கிடுவோம், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, தலைமைக் கணக்கர் ஹாஜி இமாத் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால்தான் புத்தகத்தில் ஏற்றுவார் என்று விளக்கினேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அதையே எழுதிக் குடுங்க. இதுல எல்லாப் பக்கமும் ரெண்டு பேர் போட்டதுன்னு சத்தியம் பண்ணி முத்திரை வைங்க. ஷஃபான் பதினைஞ்சு, பராத் அன்னிக்குச் சபை கூடும்போது படிச்சுக் காட்டுறேன். அதுக்கு அப்புறம் எவன் பேசுறான்னு பாப்போம்" என்றார்.

எல்லாப் பக்கமும் என்கிறார். திமிங்கிலப் பக்கம் ஞாபகம் இருக்கிறதா? திமிங்கிலம் என்கிற நட்சத்திரக் கூட்டம், இருபத்திரண்டு நட்சத்திரம். பதினாறு வருடத்துக்கு முன்னால், எனக்கும் நிகாருக்கும் நிக்காஹ் நடந்த நாள். நீங்கள் உங்கள் தாளை நீட்டி, "பாத்து எழுதிக் குடுத்துட்டுப் போ மாப்ள, பொண்ணு காத்திருக்கு" என்றீர்கள். நான் பார்த்து எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கணக்கிட்டது நீங்கள் ஒருவர் மட்டும்தான்.

பொய்ச் சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. சத்தியம் செய்யாவிட்டால் பிரதி எடுக்க மாட்டார்கள். வழி ஒன்றுதான். அந்த இருபத்திரண்டு நட்சத்திரத்துக்கும் அப்போது வானத்தைப் பார்த்து எடுத்த அளவுகள் உங்கள் பொறுப்பில் உள்ள பெட்டியில் இருக்கும். அந்தத் தாளை அனுப்புங்கள். நான் இப்போது உட்கார்ந்து என் பங்கைப் போட்டுவிடுகிறேன்.

உங்கள் அன்புள்ள,
பஸீஹ்

*

ஸமர்கந்து,
ரபியுல் அவ்வல் 10, 856

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துச் சிரித்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நிகாரைச் செருப்பைக் கடிக்க வேண்டாம் என்று சொல்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. நவ்ரோஸ் முடிந்தது. ஆய்வுக்கூடத்துக்கு இப்போது என்னைத் தவிர ஆடுகள்தான் வருகின்றன. மேற்குப் பக்கத்துச் செங்கல்லை அடுப்புக் கட்ட யாரோ பெயர்த்துக்கொண்டு போகிறார்கள், ஆளைப் பிடிக்க முடியவில்லை. நான் தினமும் நண்பகலில் கீழே பாகை செதுக்கிய பளிங்கு வில்லுக்கு இறங்குகிறேன். சூரியன் துவாரத்தின் வழியாக வந்து எந்தப் பாகையில் விழுகிறது என்று குறித்துக்கொள்கிறேன். யாரும் கேட்கவில்லை. பழகிவிட்டது, நிறுத்த முடியவில்லை.

உன் பிரச்சினைக்கு வருகிறேன். நீ எப்போதுமே இப்படித்தான், தும்மினால் கூட பத்வா கேட்கிற ஆள். ஒருவர் போட்டால் என்ன? சரியாகப் போட்டேனா இல்லையா? மிர்சாவின் வேட்டைப் புத்தகம் தொலைந்தபோது நடந்ததை மறந்துவிட்டாயா? எந்தப் பறவை, எந்த நாள், எந்த இடம் என்று அத்தனையையும் ஞாபகத்திலிருந்து சொல்லி எழுத வைத்தார். பிறகு பழைய புத்தகம் கிடைத்து ஒப்பிட்டபோது நாலைந்து இடம்தான் மாறியிருந்தது. அப்படிப்பட்டவர் கண்ணில் படாத தப்பு ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு முத்திரை வை.

பெட்டியைக் கிளறுவதெல்லாம் இப்போது முடியாது. மேலே நிறையச் சாமான் ஏறிக் கிடக்கிறது.

புர்ஹான்

*

ஹிராத்,
ரபியுல் ஆகிர் 12, 856

மச்சான்,

ஸலாம். நீங்கள் சிரித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தாளைக் காணோமே.

கொஞ்சம் மனதை விட்டு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பதினாறு வருடமாக அந்தத் திமிங்கிலத்தை வைத்து நீங்கள் என்னைப் படுத்தியது கொஞ்சமா? உங்கள் கூரைக்கு மண் பூச நான் வரத் தயங்கினால், "திமிங்கிலத்தைக் குடுத்தவன்டா நான்." என் குதிரையை நீங்கள் இரவல் கேட்டு நான் யோசித்தால், "திமிங்கிலம்." சீமை மாதுளை மரத்தை யார் வீட்டில் நடுவது என்றபோதும் அதேதான். மரம் உங்கள் வீட்டில் இருக்கிறது. நானும் சிரித்துக்கொண்டு கொடுத்தேன். வாங்கின உதவி, என்ன செய்வது.

இவ்வளவு நாள் நிகாருக்கு இது தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது என்ன விஷயம் என்று கேட்டுவிட்டாள். சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அப்ப என் கல்யாணத்துக்காக மிர்சாவை ஏமாத்துனீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

பிரதியில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது மச்சான். மிர்சா நம்மை எங்கே வைத்திருந்தார்! ஊருக்கே அரசர், நம்மோடு தரையில் உட்கார்ந்து, நாம் சொன்னது தப்பென்றால் தப்பு என்பார், அவர் சொன்னது தப்பென்று நாம் சொன்னால் மணல் பரப்பிய கணக்குப் பலகையை அழித்துவிட்டு மறுபடி போடுவார். போட்டிருந்த துணியோடு, அநியாயமாக வெட்டுப்பட்ட ஷஹீதாக, குழிக்குள் வைத்துவிட்டார்கள். இனி அவருக்கு நான் செய்ய முடிந்தது இந்தப் புத்தகம் ஒன்றுதான்.

பராத்துக்கு இன்னும் நான்கு மாதம். சாமானை நகர்த்த ஒரு கூலியாளைக் கூப்பிடுங்கள். தாளை அனுப்புங்கள்.

பஸீஹ்

*

ஸமர்கந்து,
ஜமாதுல் அவ்வல் 14, 856

மாப்பிள்ளைக்கு,

பெட்டியின் பூட்டு துருப்பிடித்துவிட்டது. சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. திறந்தாலும் உள்ளே தாள் இருக்குமா என்று சந்தேகம், போன மழையில் அந்த அறையில் கரையான் ஏறியது. என் முழங்காலோ படி ஏற விடவில்லை.

நான் சரியாகப் போட்டேன் என்று ஒரு தடவை சொல்லியாயிற்று. என்னை நம்பாவிட்டால் போ. இனி இதைப் பற்றி எழுதாதே. சீமை மாதுளை மரம் வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வெட்டிக்கொண்டு போ.

புர்ஹான்

*

ஹிராத்,
ஜமாதுல் ஆகிர் 16, 856

மச்சான்,

ஸலாம். மரம் நன்றாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை நிகாருக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள்: "அண்ணனுக்குக் கோபம்னா கத்தும். பயம்னாதான் முழங்கால் வலிக்கும். சின்ன வயசுல பால் சட்டியை உடைச்சுட்டு நாலு நாள் நொண்டுச்சு."

நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பராத்துக்கு முந்தின நாள் மௌலானாவிடம் போய், என்னால் முத்திரை வைக்க முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன். ஒரு பக்கத்தை நான் பார்த்து எழுதினேன் என்பேன். யாரைப் பார்த்து என்று சொல்ல மாட்டேன். பிரதி எடுப்பது நின்றுபோகும். வாய் நீண்டவர்கள் சொன்னதே ஊரில் நிற்கும். நடப்பது நடக்கட்டும். நம் இருவருக்குள் இதனால் பேச்சு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. எனக்கு அங்கே உங்களை விட்டால் யாரும் இல்லை.

பஸீஹ்

*

ஸமர்கந்து,
ரஜப் 17, 856

பஸீஹ்,

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. பூட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. நிகார் சின்ன வயதிலிருந்தே என்னை வாழ விட்டதில்லை.

சொல்லிவிடுகிறேன். திமிங்கிலத்தை நானும் போடவில்லை.

உங்கள் நிக்காஹ் அன்று சமையற்காரன் வரவில்லை. வாப்பா இல்லாத வீடு, எல்லாம் என் தலையில். காலையிலிருந்து நான் புலாவ் அண்டாவின் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். ஹாஜி இமாத்திடம் நாளைக்குத் தருகிறேன் என்று கேட்டிருக்கலாம், தந்திருப்பார். ஆனால் எப்போதும் முதலில் முடிப்பவன் புர்ஹான் என்று ஒரு பெயர் இருந்ததே, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பழைய நட்சத்திரப் புத்தகத்தை எடுத்தேன். எழுபது வருடத்துக்கு ஒரு பாகை வீதம் நட்சத்திரங்கள் நகர்கின்றன, அந்தப் புத்தகம் எழுதிய நாளிலிருந்து ஆறே முக்கால் பாகை. இருபத்திரண்டு எண்ணிலும் ஆறே முக்காலைக் கூட்டி எழுதினேன். அண்டா கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. அதைத்தான் உனக்கு நீட்டினேன். அதை வைத்துத்தான் பதினாறு வருடம் உன்னிடம் கூரையும் குதிரையும் மரமும் வாங்கினேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. வரும்போது இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுவேன்.

நீ முத்திரை வைக்கப் போவதில்லை என்று எழுதியதும் என்னால் சாப்பிட முடியவில்லை. போய்ப் பெட்டியைத் திறந்தேன். கரையான் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கட்டு உனக்குத் தெரியும், அளவுத் தாளும் இரண்டு பேர் கணக்கும் சேர்த்து நூலால் கட்டியிருப்பார்கள். திமிங்கிலக் கட்டைப் பிரித்தேன். உள்ளே மூன்று கணக்கு இருந்தது.

ஒன்று என் தாள். ஒன்று உன் தாள். மூன்றாவது மிர்சாவின் கையெழுத்து. முழுக் கணக்கு, முதல் பெருக்கல் முதல் கடைசி வகுத்தல் வரை, நான்கு பக்கம். புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அதில் ஏறியிருப்பது அவர் போட்ட எண்கள். என்னுடையது ஒன்றுகூட இல்லை.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசிக்கவே வேண்டாம். இருபத்திரண்டு நட்சத்திரமும் பழைய புத்தகத்திலிருந்து ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்குகூடக் கூடாமல் குறையாமல் அதே ஆறே முக்கால் நகர்ந்திருந்தால் எவனுக்கும் தெரிந்துவிடும். வானம் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அவருக்கா தெரியாது.

அவர் தாளில் நாள் போட்டிருக்கிறார். நிக்காஹ் முடிந்து மூன்றாம் நாள். அன்று நாம் எங்கே இருந்தோம் தெரியுமா? கல்யாணத்துக்கு அவர் உனக்கு அனுப்பிய அங்கிக்கு நன்றி சொல்ல நாம் இரண்டு பேரும் போனோம். அவர் கையை முத்தமிட்டோம். கையில் மணல் ஒட்டியிருந்தது. வேட்டையிலிருந்து வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். வெளியே வந்ததும் உன்னிடம் சொல்லவும் செய்தேன். அது கணக்குப் பலகை மணல், பஸீஹ். நாம் போவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வரை அவர் நம் பக்கத்தைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் பதின்மூன்று வருடம் இருந்தார். பறவை பறவையாக ஞாபகம் வைத்திருந்த மனிதர், இதை மட்டுமா மறந்திருப்பார்? ஒவ்வொரு நாளும் நம் ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொன்னார். ஒருநாள் நானாகவே போய்ச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. இனி சொல்ல முடியாது. அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் தாளையும் புத்தகத்தையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைப் பக்கத்து வீட்டுக் கொல்லனிடம் கொடுத்து, "நான் அழுது கேட்டாலும் பத்து நாளைக்குக் குடுக்காதே" என்றேன். அளவுத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து போட்டேன். ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் ஒப்பிட்டேன். இருபத்தொன்று ஒத்தது. பன்னிரண்டாவது ஒக்கவில்லை. மறுபடி போட்டேன். தப்பு என்னுடையது.

வெள்ளிக்கிழமை அவரை அடக்கிய கப்ருக்குப் போனேன். பாத்திஹா ஓதினேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இருபத்தொன்று முதல் தடவையே ஒத்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அளவுத் தாளின் நகல் இதோடு இருக்கிறது. என் விடைகளைத் தனியாக அரக்கு வைத்து மூடியிருக்கிறேன். உன் கணக்கு முடிகிறவரை பிரிக்காதே. மௌலானாவிடம் என் பெயரை மறைக்காதே. நான் என்ன செய்தேன் என்பதையும் எழுது. அரசன் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டான் என்று பேசுகிறவர்களுக்கு, அவர் பெயரைப் போடாமலே கணக்கைப் போட்டார் என்று தெரியட்டும்.

வியாபாரிகளோடு அல்ல, வேகக் குதிரைக்காரனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பராத்துக்குள் வந்துவிடும்.

மரம் உன்னுடையது. இந்த வருடக் காயை உலர்த்தி அனுப்புகிறேன்.

புர்ஹான்

*

ஹிராத்,
ஷஃபான் 16, 856

என் மச்சானுக்கு,

ஸலாம். குதிரைக்காரன் பதினான்கு நாளில் வந்துவிட்டான். கடிதத்தைப் படித்த அன்று நான் எந்த வேலையும் செய்யவில்லை. அந்த மணல் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என் உதட்டிலும் ஒட்டியது. அங்கியைக் கெடுத்துவிடுமோ என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டேன்.

அரக்கு வைத்த தாளை நிகார் என் கையிலிருந்து பிடுங்கி மாவுப் பானைக்குள் புதைத்துவிட்டாள். "என் கல்யாணத்தன்னிக்குச் செஞ்சிருக்க வேண்டிய வேலை. இப்ப உக்காருங்க" என்றாள். நாளோ நெருங்கிவிட்டது. பதினொரு நாள் வாசலைத் தாண்டவில்லை, தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழுந்தேன். முடித்துக் கொடுத்தேன். அவளுக்குக் கணக்கு வராது, ஆனால் எண்ணுக்கு எண் பார்க்கத் தெரியும். விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு தப்பு" என்றாள். எது எது என்று கெஞ்சினேன். "அண்ணனைப் பாத்து எழுதுனது போதும். நீங்களே கண்டுபிடிங்க" என்று தாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபத்திரண்டையும் மறுபடி சரிபார்த்தேன். நேற்று விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் அந்த மூன்றும் அகப்பட்டன. பிறகுதான் உங்கள் தாளைக் காட்டினாள். எல்லாம் ஒத்தது.

நேராக மௌலானாவிடம் போனேன். ஒன்றையும் மறைக்கவில்லை. உங்கள் அண்டா, என் நிக்காஹ், ஆறே முக்கால், மூன்றாவது தாள், மணல், எல்லாம் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "இதை எழுதினா உங்க ரெண்டு பேர் மானமும் எல்லாப் பிரதியிலயும் போகுமே, யோசிச்சீங்களா?" என்றார். "ஒரு பக்கம்தானே போகுது. மத்தப் பக்கமெல்லாம் நாங்க ஒழுங்காப் போட்டோம்" என்றேன்.

நான் எழுதி, முத்திரை வைத்து, சபையில் அவர் படித்தது இது: "இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் இருவர் தனித்தனியே கணக்கிட்டது. திமிங்கிலப் பக்கத்தை மட்டும் அந்த இருவர் பொய்யாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் ஒருவர் அதைக் கண்டு, யாரிடமும் சொல்லாமல், தானே கணக்கிட்டு ஏற்றினார். பதினாறு வருடம் கழித்து அந்த இருவரும் வெவ்வேறு ஊரில் இருந்து அதையே கணக்கிட்டார்கள். ஒத்துப்போகிறது. அல்லாஹ் சாட்சி."

சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்து பிரதிக்கும் தாள் வாங்க மௌலானா ஆள் அனுப்பிவிட்டார்.

சபைக்குப் போகுமுன் அந்தத் தாளின் கீழே கணக்கிட்டவர் பெயர்களை எழுதும்போது மட்டும் ஒரு சின்னத் தகராறு. பழைய வழக்கப்படி வெறும் பெயர்களாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். நிஷாப்பூர் அலீ மகன் பஸீஹ். ஸமர்கந்து யூசுப் மகன் புர்ஹான். ஷாருக் மகன் உலுக் பேக். மௌலானா பதறிவிட்டார். "என்னய்யா இது? அவரு சுல்தான். பட்டமெல்லாம் எங்க? ரெண்டு வரிக்கு வருமே!"

"கணக்குப் போட்டவங்க பேருக்கு முன்னால நாங்க பட்டம் போடுறதில்ல ஹஸ்ரத்" என்றேன்.

இப்படிக்கு,
பஸீஹ்